பெயர் வைக்கத் தெரிய வேண்டும்

ஆவணி பிறந்துவிட்டால் மதுரையில் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. நல்ல முகூர்த்த நாளில் ஒரே தெருவில் மூன்று இடத்தில் வாழை மரம் கட்டியிருக்கும். மண்டபத்துக்கு மண்டபம் இரண்டு காமிராக்காரர்கள். ஒருவர் மணமேடைக்கு வலப்புறம் நின்றால் இன்னொருவர் இடப்புறம். பந்தி முடிந்து ஜமக்காளத்தைச் சுருட்டும்போது இருவரிடமும் சேர்த்து நாலாயிரம், ஐயாயிரம் படங்கள் தேறிவிடும். பிலிம் சுருள் இருந்த காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம்தான். மாமன் சீர் கொண்டு வரும்போது ஒன்று, மாலை மாற்றும்போது இரண்டு என்று கணக்குப் பார்த்து எடுப்பார்கள். இன்று விரல் வலிக்கும் வரையில் எடுக்கலாம், காசு அதிகமாகாது.

கஷ்டம் மறுநாள் ஸ்டூடியோவில்தான் ஆரம்பமாகிறது.

காமிரா தான் எடுத்த படத்துக்குத் தானே ஒரு பெயர் வைக்கிறது. மணமகன் பெயரோ, ஊர் பெயரோ அதற்குத் தெரியாது. ஆங்கில எழுத்து நான்கு இடம், அதன் பின்னே இலக்கம் நான்கு இடம். இந்த முறையைக் காமிராக் கம்பெனிகள் 1998-இல் வகுத்த பொது விதி ஒன்று நிர்ணயித்தது. அதன்படி 0001 முதல் 9999 வரையில் எண் போடலாம். அதற்கு மேல் இடமில்லை, மறுபடியும் 0001-தான். ஓய்வில்லாமல் வேலை செய்யும் காமிராக்காரர் நாலைந்து முகூர்த்தத்தில் இந்தச் சுற்றை முடித்துவிடுவார். அது போகட்டும். ஒரே கம்பெனியின் இரண்டு காமிராக்களை ஒரே கல்யாணத்துக்குக் கொண்டு போனால், இரண்டிலும் ஒரே பெயருடைய படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பதில் ஆச்சரியம் என்ன?

ஸ்டூடியோப் பையன் முதல் காமிராவின் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான். பிறகு இரண்டாவது காமிராவின் படங்களையும் அதே இடத்தில் ஏற்றுகிறான். “இதே பெயரில் இங்கே ஒரு பைல் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கலாமா?” என்று கம்ப்யூட்டர் மரியாதையாகத்தான் கேட்கிறது. பையனுக்கு அவசரம். “எல்லாவற்றுக்கும் சரி” என்று தட்டிவிடுகிறான். வலப்புறம் நின்றவர் எடுத்த தாலி கட்டும் படத்தின் மேல், இடப்புறம் நின்றவர் எடுத்த தேங்காய்த் தட்டு உட்கார்ந்துவிடுகிறது. இந்தத் தொழிலில் பழகியவர்கள் அறியாத விபத்து அல்ல இது. கல்யாணத்தை இன்னொரு தடவை நடத்திப் படம் எடுக்க முடியுமா?

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே கம்ப்யூட்டரில் தனிக் கருவிகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான பைல்களுக்கு ஒரே மூச்சில் பெயர் மாற்றித் தருவது அவற்றின் வேலை. பல கருவிகள் காசில்லாமலே கிடைக்கின்றன. விண்டோஸ் உபயோகிப்பவர்களுக்கு மைக்ரோசாப்ட் கம்பெனியே ‘பவர்ரீநேம்’ என்பதை இலவசமாகத் தருகிறது. ‘பல்க் ரீநேம் யுடிலிட்டி’, ‘அட்வான்ஸ்டு ரீநேமர்’ என்று வேறு சிலவும் உண்டு. ஆப்பிள் கம்ப்யூட்டரில் 2014 முதல் இந்த வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது. லினக்ஸ்காரர்களுக்கோ ஒரு வரிக் கட்டளை போதும்.

நாலாயிரம் பைல்களுக்குச் சில விநாடிகளில் பெயர் மாறிவிடுவதைப் பார்த்து அசந்து போகிறவர்கள் உண்டு. அதில் மாயம் ஒன்றுமில்லை. பைலின் பெயர் பைலுக்குள் இருப்பதல்ல. அட்டவணை ஒன்றில் தனியாக எழுதப்பட்டிருப்பது. வீட்டு வாசலில் உள்ள பெயர்ப் பலகையைக் கழற்றி வேறு பலகை மாட்டினால் உள்ளே இருக்கும் கட்டிலும் பீரோவும் நகர வேண்டியதில்லை அல்லவா? அது போலத்தான் இது. சிலர் பெயரின் கடைசியில் உள்ள ‘ஜே.பி.ஜி.’ என்பதை எடுத்துவிட்டு ‘பி.டி.எப்.’ என்று எழுதி, படம் பத்திரமாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். பலகைதான் மாறியது, வீடு மாறவில்லை.

இந்த வால் எழுத்துக்களால் வரும் மோசடியையும் சொல்லத்தான் வேண்டும். விண்டோஸ் சாதாரணமாக வாலை மறைத்தே காட்டுகிறது. வால் தெரியாவிட்டால், பத்திரிகை என்று பெயர் வைத்துக்கொண்டு வருவது பத்திரிகையா, திருட்டு நிரலா என்று கண்டுபிடிப்பது எப்படி? 2024-இல் கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லி, ‘ஏ.பி.கே.’ என்ற வாலுடைய பைலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, திறந்தவர்களின் செல்போனுக்குள் புகுந்து பணம் பறிக்கும் வித்தையைப் பற்றிப் போலீசார் எச்சரிக்கை விட்டார்கள். அழைப்பிதழுக்கு ஏ.பி.கே. என்ற வால் ஒருநாளும் வராது.

காமிராவுக்குத் திரும்புவோர்க்கு இன்னொரு நல்ல செய்தி. படம் எடுத்த நாள், மணி, விநாடி, காமிராவின் பெயர் எல்லாவற்றையும் காமிரா படத்தின் உள்ளேயே குறித்து வைக்கிறது. ‘எக்ஸிப்’ என்று அதற்குப் பெயர். கனடா தேசத்தைச் சேர்ந்த பில் ஹார்வி என்பவர் 2003 முதல் பராமரித்து வரும் ‘எக்ஸிப்டூல்’ என்ற கருவி அந்தக் குறிப்பைப் படித்து, அதையே பைலின் பெயராக வைத்துவிடும். வருஷம், மாதம், தேதி, மணி என்று பெயர் அமைந்துவிட்டால் இரண்டு காமிராக்களின் படங்களும் சடங்கு நடந்த வரிசையிலேயே தாமாகச் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் இரண்டு காமிராக்களின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று நாற்பது நிமிஷம் பிந்தியிருந்தால் ஆல்பத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே பந்தி நடக்கும். அப்படி நேர்ந்துவிட்டாலும் பாதகமில்லை; பிந்திய காமிராவின் படங்களை மட்டும் நாற்பது நிமிஷம் முன்னே நகர்த்தச் சொன்னால் கருவி நகர்த்திவிடும். மணமேடைக்குப் போகுமுன் இரு காமிராக்காரர்களும் ஒரே சுவர்க் கடிகாரத்தை ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு வித்தியாசம் என்பது பிறகு அதிலிருந்தே தெரிந்துவிடும்.

தேதியை வருஷத்தில் ஆரம்பித்து எழுத வேண்டும் என்பது ஏன்? தமிழ்நாட்டில் நாளை முதலில் எழுதித்தான் எல்லோருக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் காகிதத்துக்குச் சரி. கம்ப்யூட்டர் இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாய்ப் பார்த்து அடுக்குகிறது. நாளை முதலில் எழுதினால் எல்லா மாதங்களின் ஒன்றாம் தேதியும் ஓரிடத்தில் கூடிவிடும். 2024-08-30 என்று எழுதினால் வரிசை பிசகாது. சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் 1988-இலேயே இந்த முறையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எண்ணுக்கும் இதே நியாயந்தான். 1, 2, 10 என்று பெயர் வைத்தால் பல கருவிகள் 1, 10, 2 என்று அடுக்கும். 001, 002, 010 என்று வைத்தால் வம்பில்லை.

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், யானைமலையின் பக்கத்தில், சென்னை ஐகோர்ட்டின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்கி வருகிறது. அங்கே தாக்கலாகும் ரிட் மனுவின் நம்பரைக் கவனித்தவர்களுக்கு, அதில் ‘எம்.டி.’ என்ற இரண்டு எழுத்துக்கள் அடைப்புக்குறிக்குள் இருப்பது தெரியும். சென்னையிலும் வருஷா வருஷம் ஒன்றிலிருந்து எண் ஆரம்பமாகிறது. மதுரையிலும் ஒன்றிலிருந்து ஆரம்பமாகிறது. அந்த இரண்டு எழுத்து இல்லாவிட்டால் ஒரே ஐகோர்ட்டில் ஒரே நம்பருடைய இரண்டு வழக்குகள் இருக்கும். சென்னைக்காரர் வழக்கின் உத்தரவு திருநெல்வேலிக்காரர் கையில் போய்ச் சேராமல் காப்பது அந்த இரண்டு எழுத்துத்தான். பெயர் வைக்கும் கலையில் இதைவிடச் சிக்கனமான உதாரணம் கிடைப்பது அரிது.

கோர்ட்டின் புத்திசாலித்தனம் கோர்ட்டுக்கு வெளியே இருப்பதாகத் தெரியவில்லை. வழக்குக் கட்டு இப்போது காகிதத்தில் பாதி, கம்ப்யூட்டரில் பாதி. வக்கீல் குமாஸ்தா மனுவை டைப் செய்யும் கடைக்குப் போகிறார். கடையில் அதற்குப் ‘பைனல்’ என்று பெயர். வக்கீல் ஒரு திருத்தம் சொல்கிறார், ‘பைனல் 2’. கட்சிக்காரர் சர்வே நம்பர் தப்பு என்கிறார், ‘கடைசி பைனல்’. மாலைக்குள் ‘இதுதான் கடைசி’ என்றும் ஒன்று வந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்து எது தாக்கலானது என்று கேட்டால் குமாஸ்தாவும் கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

வழக்கு நம்பரையே பைலுக்குப் பெயராக வைக்கலாம் என்று யாராவது நினைத்தால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. 1234/2019 என்று எழுதுவதுதான் கோர்ட் வழக்கம். அந்தச் சாய்கோட்டை விண்டோஸும் ஏற்காது, லினக்ஸும் ஏற்காது. பாதையைக் குறிக்க அவை அதை உபயோகிக்கின்றன. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் ஆகியவையும் விண்டோஸில் ஆகாது. ஆகவே ஒரு குமாஸ்தா சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போடுகிறார். மற்றொருவர் அடிக்கோடு போடுகிறார். மூன்றாமவர் ஒன்றுமே போடாமல் 12342019 என்று சேர்த்துவிடுகிறார். தேடும்போது ஒன்று அகப்பட்டால் மற்றொன்று அகப்படுவதில்லை. ஒரு காரியாலயத்தில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவது என்று தீர்மானித்துச் சுவரில் ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை அன்றோடு ஒழியும். அதற்குக் கருவியே வேண்டியதில்லை. ஏற்கெனவே தாறுமாறாகக் கிடக்கும் பழைய பைல்களைச் சீராக்கத்தான் கருவி வேண்டும்.

கருவியை நம்பி இறங்குகிறவர்கள் அதன் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. தென் மாவட்டத்துக் கோவில்களின் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவர், ‘கோவில்’ என்பதைக் ‘கோயில்’ என்று மாற்றும்படி உத்தரவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அழகர்கோவில் அழகர்கோயில் ஆகும், சந்தோஷம். கூடவே கோவில்பட்டியும் கோயில்பட்டி ஆகிவிடும். கடலைமிட்டாய்க்குப் பேர் போன ஊருக்கு இப்படி ஒரு பெயர் மாற்றமா என்று யந்திரம் யோசிக்காது.

ஆகையால் நல்ல கருவி எதுவானாலும் முதலில் ஒத்திகை காட்டும். இடப்பக்கம் பழைய பெயர், வலப்பக்கம் புதிய பெயர். அதை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் உத்தரவு கொடுக்க வேண்டும். இரண்டு பைல்களுக்கு ஒரே புதிய பெயர் வந்தால் எச்சரிக்கும் கருவியே நம்பத் தகுந்தது. லினக்ஸில் சில கட்டளைகள் ஒன்றும் கேட்காமலே ஒன்றை அழித்து மற்றொன்றை வைத்துவிடும். பழையபடி ஆக்கும் வசதியும் இருக்க வேண்டும்.

ஒத்திகை பார்க்காமல் மொத்தமாகப் பெயர் மாற்றினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டிருக்கிறது. 2020-ஆம் வருஷம் ஜூன் மாதம், 1,018 ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் முறை மாறுவதாகச் சர்க்கார் உத்தரவு வெளியாயிற்று. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி எழுத வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வந்த புதிய எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஊர்க்காரர்களே திகைத்தார்கள். நிபுணர்களின் யோசனையைக் கேட்க வேண்டும் என்று சொல்லி அதே மாதத்தில் உத்தரவு வாபஸாயிற்று. சர்க்காரிடமும் பழையபடி ஆக்கும் பொத்தான் ஒன்று இருந்தது என்பது ஆறுதல்.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதில்தான் இத்தனை குழப்பம் என்றால், தமிழிலேயே எழுதிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். மீனாட்சி என்பதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். தமிழில் ஒரே விதம். பழைய டாஸ் காலத்தில் பைல் பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துக்குமேல் இடமில்லை. கல்யாணம் என்பது சரியாக எட்டில் அடங்கும். மீனாட்சி எப்படி எழுதினாலும் ஒன்பது. அம்மன் பெயருக்கு ஓர் எழுத்து இடம் குறைந்தது. 1995-இல் வந்த விண்டோஸ் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை பரவிய பிறகு தமிழிலேயே பெயர் வைக்கவும் வழி பிறந்தது.

வழி பிறந்தது வாஸ்தவம். ஆனால் பாதையில் முள் இருக்கிறது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த பழைய வரிசையை ஒட்டி யூனிகோடில் தமிழ் எழுத்துக்களை வைத்தார்கள். அதனால் ழகரம் வகரத்துக்கு முன்னே போய்விட்டது. னகரம் நகரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. விளைவு? அகராதி வரிசையில் அலங்காநல்லூர், அவனியாபுரம், அழகர்கோவில் என்று வர வேண்டும். எழுத்தின் குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கருவியில் அலங்காநல்லூர், அழகர்கோவில், அவனியாபுரம் என்று வரும். ஜல்லிக்கட்டு நடக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவில் கள்ளழகர் வந்து நிற்கிறார். புள்ளி வைத்த மெய்யெழுத்து அகராதியில் தன் வர்க்கத்துக்கு முதலில் வரும். குறியெண் வரிசையிலோ கடைசிக்குப் போய்விடும். மூன்று ஊர் என்றால் கண்ணால் தேடலாம். மூவாயிரம் பட்டா நகல்களைக் கிராமப் பெயர்படி வைத்திருப்பவர் என்ன செய்வார்?

இன்னொரு முள் கண்ணுக்கே தெரியாது. ‘பொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அமைக்கலாம். ஒற்றைக் குறியை ஒட்டியும் எழுதலாம். கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் ஒட்டியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. ஆகவே ‘பொங்கல்’ என்ற பெயரில் இரண்டு பைல்கள் ஒரே இடத்தில் அருகருகே இருக்க முடியும். ஒன்றைத் தேடினால் மற்றது வராமலும் போகும். நீளத்திலும் தமிழுக்கு நஷ்டம். மீனாட்சி என்பது தமிழ்க் கணக்கில் நாலு எழுத்து. கம்ப்யூட்டர் அதை எட்டுக் குறிகளாகப் பிரித்து, ஒரு குறிக்கு மூன்று இடம் வீதம் 24 இடத்தில் எழுதுகிறது. லினக்ஸில் ஒரு பெயருக்கு மொத்த இடமே 255-தான். ஊர், தேதி, இருவீட்டார் பெயர், மண்டபத்தின் பெயர் எல்லாம் தமிழில் எழுதினால் பாதியில் முட்டிவிடும்.

இவற்றையெல்லாம் சரிசெய்ய முடியாது என்பதில்லை. இரண்டு விதமான ‘பொ’வையும் ஒன்றாக்கும் முறையை யூனிகோட் ஏற்கெனவே வகுத்திருக்கிறது, தமிழ் அகராதி வரிசைக்கும் விதிகள் இருக்கின்றன. பெயர் மாற்றும் கருவி செய்கிறவர்கள் அவற்றைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். மதுரையைச் சுற்றிலும் என்ஜினீயரிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கடைசி வருஷ மாணவர்கள் ஆளுக்கொரு திட்டம் செய்து பைண்டு பண்ணிக் கொடுக்கிறார்கள். அவற்றில் பல, பரீட்சை முடிந்ததும் அலமாரிக்குப் போகின்றன. தமிழ்ப் பெயர்களை ஒழுங்காக அடுக்கி, ஒழுங்காக மாற்றித் தரும் கருவி ஒன்றைச் செய்தால் அது அலமாரிக்குப் போகாது. அதை உபயோகிக்கத் தாலுகா ஆபீஸ் முதல் தட்டச்சுக் கடை வரையில் ஆள் இருக்கிறது.

மதுரை என்ற பெயரையே தாங்கி நிற்கும் ஒரு முயற்சி இந்த விஷயத்தில் நல்ல பாதை காட்டியிருக்கிறது. சங்கம் இருந்த ஊர் என்பதற்காக ‘மதுரைத் திட்டம்’ என்று பெயர் சூட்டி, 1998 பொங்கலில் அதை ஆரம்பித்தவர் சுவிட்சர்லாந்தில் வசித்த டாக்டர் கே. கல்யாணசுந்தரம். பல தேசங்களில் உள்ள தமிழர்கள் கூலியில்லாமல் உழைத்து, பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் ஏட்டுச் சுவடிகளையும் நூல்களையும் தேடிச் சேர்த்தது. அதே வேலையின் தொடர்ச்சி என்றே இதைச் சொல்லலாம்.

அவர்கள் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தார்கள். திருக்குறளுக்கு 0001. நாலு இலக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் நூலைப் போடும்போதே ஆயிரமாவது நூலுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். நடுவில் கம்ப்யூட்டர் எழுத்துமுறை மாறியது. முதலில் ஒருவகை எழுத்துரு, பிறகு திஸ்கி, அதன்பின் யூனிகோட். எழுத்துமுறை மாறியபோது நூல்களை எல்லாம் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. எண் மட்டும் மாறவில்லை. பெயரைத் தமிழில் வைத்திருந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் பெயரே படிக்க முடியாமல் குழம்பியிருக்கும்.

இதில் ஒரு குறையும் உண்டு. வெறும் எண்ணோடு பைலை இறக்கி வைத்துக்கொள்ளும் வாசகருக்கு, ஒரு மாதம் சென்றதும் எது என்ன நூல் என்று தெரிவதில்லை. திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஏட்டுச் சுவடியில் முதல் ஓலை முறிந்து போனால் நூலின் பெயர் தெரியாமல் திண்டாடுவார்களே, அந்தக் கதைதான். எண்ணை அப்படியே விட்டு, அதன் பின்னே நூலின் பெயரையும் சேர்த்துவிடுவது வாசகர் தம் வீட்டில் செய்துகொள்ள வேண்டிய காரியம். நூறு நூல்களுக்கு ஒரு பட்டியலைக் கொடுத்தால் கருவி அதைப் பார்த்து நூறையும் ஒரே தட்டில் மாற்றிவிடும்.

2011 முதல் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான மாணவர்களுக்குச் சர்க்கார் இலவச மடிக்கணினி கொடுத்தது. பெட்டியைக் கொடுத்தவர்கள், அதற்குள் வைக்கும் பொருளுக்குப் பெயர் வைக்கும் முறையையும் பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியட் சொல்லிக்கொடுத்தால் என்ன? ஆங்கிலக் கட்டுரைக்கு முதல் வரியில் தலைப்பு எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், இதையும் சொல்லிக்கொடுக்கலாம். வருஷம், மாதம், நாள், பிறகு விஷயம், பிறகு மூன்று இலக்க எண். சாய்கோடு கூடாது. ‘பைனல்’ கூடாது.

மதுரை ஸ்டூடியோக்காரர்கள் வாத்தியாருக்காகக் காத்திருக்க முடியாது. அடுத்த முகூர்த்தம் நெருங்கிவிடுகிறது. ஒவ்வொரு காமிராவுக்கும் தனித் தனிப் போல்டர். பெயரைத் தொடுவதற்கு முன் எல்லாப் படங்களுக்கும் வேறொரு தட்டில் ஒரு நகல். அதற்குப் பிறகு ஒத்திகை, அதற்குப் பிறகு பெயர் மாற்றம். எத்தனை படம் ஏற்றினார்களோ அத்தனை படம் கடைசியில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது. இவ்வளவும் முடிந்து, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் காமிராவில் உள்ள மெமரி கார்டை அழிக்க வேண்டும்.